ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் தக்காளி: வீட்டில் வளர்க்கத் தொடங்குவோருக்கான செய்முறை

சேலத்து மொட்டை மாடியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் தக்காளியின் விதையையே எடுத்து வந்து ஏற்காட்டில் ஊன்றினாலும், செடி செழித்து நிற்குமே தவிர, பூக்களில் பாதிக்கு மேல் கொட்டிவிடும். மிஞ்சிய காய்கள் பழுப்பதற்குள் இலை கருகிச் செடியும் போய்விடும். இதைப் பார்த்துவிட்டு, மலையில் தக்காளி வராது என்று பலர் கைவிடுகிறார்கள். நிச்சயமாக வரும். ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் நமக்கு இருக்கும் இரண்டு தடைகளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, இரவுக் குளிர். இரவு வெப்பநிலை 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக உருவாகாமல் பிஞ்சு பிடிப்பது குறைகிறது. மற்றொன்று, பனிமூட்டத்தால் மணிக்கணக்கில் காயாமல் கிடக்கும் இலை ஈரம். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டில் ஒன்றைச் சமாளிப்பதற்காகத்தான்.

பட்டம்

நான் முதல் முறை நட்டது ஆனி மாதத்தில். தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்தது. இடுப்பளவு வளர்ந்த பத்துச் செடிகளும் ஒரே வாரத்தில் கருகின. அதன் பிறகு பட்டத்தை மாற்றிக்கொண்டேன். ஜனவரி முதல் வாரத்தில் வீட்டுக்குள் விதைத்து, பிப்ரவரி நடுவில் வெளியே நட்டால், இரவுக் குளிர் விலகத் தொடங்கும் மார்ச்சில் செடி பூக்கும். சித்திரை, வைகாசியில் பழம் பறித்து, ஜூன் மழை வலுக்கும் முன் முடித்துக்கொள்ளலாம். அந்தச் சித்திரையில் சேலத்தில் வெயில் 38 டிகிரியைத் தாண்டி, அங்குள்ள செடிகள் சூட்டினால் பூவை உதிர்த்துக்கொண்டிருக்கும். மலையின் குளிர் நமக்கு உதவி செய்யும் காலம் அதுதான்.

ரகம்

கோடையிலும் கடலிலிருந்து மூடுபனி வந்து சூழும் சான்பிரான்சிஸ்கோ போன்ற குளிர்ந்த கடற்கரை ஊர்களில், வீட்டுத் தோட்டக்காரர்கள் சிறிய பழம் தரும், சீக்கிரம் காய்க்கும் ரகங்களைத்தான் விரும்புகிறார்கள். நமக்கும் அதே கணக்குப் பொருந்தும். பழம் பெரிதாகப் பெரிதாக அது பழுக்க அதிக நாளும் அதிகச் சூடும் தேவைப்படும். எனவே புதியவர்கள் செர்ரித் தக்காளியில் தொடங்குவது நல்லது. சமையலுக்குப் பெரிய பழம் வேண்டுமென்றால், இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அபேத் என்ற வீரிய ஒட்டு ரகம் இலைச்சுருட்டு நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ, பின்பருவ இலைக்கருகல் ஆகிய நான்கையும் தாங்கக்கூடியது. வீரிய ஒட்டு ரகத்தின் பழத்திலிருந்து விதை எடுத்து மீண்டும் ஊன்றினால் அதே குணம் வராது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

நாற்று

தக்காளி விதை 25 டிகிரிச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் முளைக்கும்; 15 டிகிரியில் இரண்டு வாரம் இழுக்கும், அதற்குள் பல விதைகள் அழுகியும் விடும். ஆகவே தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவில் கலந்து குழித்தட்டில் நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, தட்டைச் சமையலறையில் அடுப்புக்கு அருகிலோ குளிர்சாதனப் பெட்டியின் மேலோ வையுங்கள். முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சமுள்ள சன்னலுக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நூல் போல நீண்டுவிடும். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல், தட்டுக்கு அடியில் ஒரு தாம்பாளத்தில் ஊற்றி உறிஞ்ச விட்டால் நாற்றழுகல் வெகுவாகக் குறையும். சமவெளியில் 25 நாளில் தயாராகும் நாற்றுக்கு இங்கே 35 முதல் 40 நாள் ஆகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, பகலில் சில மணி நேரம் வெளியே வைத்துப் பழக்குங்கள்.

மண்ணும் இடமும்

காப்பிக்கு ஏற்ற நம் மலை மண் பொதுவாகப் புளிப்புத் தன்மை உடையது. தக்காளிக்கு அது சற்று அதிகம். அமில கார நிலை 6-க்கும் 6.8-க்கும் இடையே இருந்தால் போதும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு எனக் கலந்து, 20 லிட்டர் பைக்கு ஒரு கைப்பிடி விவசாயச் சுண்ணாம்பு சேர்த்து, இரண்டு வாரம் முன்பே ஆற விடுங்கள். பைக்கு ஒரே செடி.

இடத்தைப் பொறுத்தவரை, சில்வர் ஓக் நிழல் விழாத, தெற்கு நோக்கிய சுவர் ஓரமே சிறந்தது. பிப்ரவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், அந்தச் சுவரில் பகல் முழுவதும் வெயில் படும். எங்கள் வீட்டுக் கருங்கல் சுவரை இரவு ஏழு மணிக்குத் தொட்டுப் பார்த்தால்கூட வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடுதான் பக்கத்தில் நிற்கும் செடியின் இரவைக் காக்கிறது. சுவர் இல்லாதவர்கள் பையைச் சுற்றிப் பெரிய கற்களை அடுக்கலாம்.

நடவு

அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். செடிக்குச் செடி இரண்டரை அடி இடைவெளி தேவை. சமவெளிக்கு இது அதிகம்தான், ஆனால் இங்கே காற்று நுழைந்து இலையைக் காய வைக்க வேண்டும். நட்ட அன்றே ஊன்றுகோல் நட்டு, வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். கொடி ரகமானால் இலைக் கக்கத்தில் கிளம்பும் பக்கக் கிளைகளைச் சுண்டுவிரல் நீளத்திலேயே கிள்ளிவிட வேண்டும். குட்டை ரகத்தில் கிள்ளினால் விளைச்சல்தான் குறையும். தரையிலிருந்து ஓர் அடி வரை இலையே இல்லாமல் பார்த்துக்கொள்வது இரண்டுக்கும் பொது.

செடிக்கு மேலே நான்கு மூங்கில் நட்டு, தெளிவான பாலித்தீன் தாளைக் கூரையாகக் கட்டுங்கள். பக்கவாட்டில் மூடாதீர்கள், மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், வேர் சுண்ணாம்புச் சத்தை ஒழுங்காக எடுக்க முடியாமல் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும்.

பூவைத் தட்டுதல்

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் மகரந்தம் குழல் போன்ற பையின் நுனித் துளை வழியாகத்தான் உதிர வேண்டும். அதற்கு அதிர்வு தேவை. பனி மூடிய நாளில் வண்டும் வராது, மகரந்தமும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். எனவே பனி விலகிய பின், பதினொரு மணியளவில், பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு மூன்று முறை சுண்டிவிடுங்கள். கீழே கறுப்புத் துணி ஒன்றைப் பிடித்துப் பார்த்தால், மஞ்சள் தூள் மெல்லிய மாவாக விழுவது தெரியும். விழவில்லை என்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் தட்ட வேண்டும்.

இலைக்கருகல்

நம் செடிகளை ஒரே வாரத்தில் அழிப்பது பின்பருவ இலைக்கருகல். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய்க்கிருமிதான் இது. ஆகவே உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் தக்காளியை நடவே கூடாது. முதலில் இலையில் எண்ணெய் பட்டது போன்ற கரும்பச்சைத் திட்டு தோன்றும். விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால், திட்டின் ஓரத்தில் வெள்ளை மாவு போன்ற பூசணம் இருக்கும். அந்த இலைகளை உடனே பறித்து ஆழப் புதைத்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

வருமுன் காக்க, காப்பித் தோட்டங்களில் தெளிக்கும் போர்டோ கலவையே போதும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் இரண்டரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் மயில்துத்தத்தைக் (காப்பர் சல்பேட்) கரையுங்கள். இன்னொன்றில் 50 கிராம் சுட்ட சுண்ணாம்பை அதே அளவு தண்ணீரில் நீற்றி, ஆறிய பின் வடிகட்டுங்கள். சுண்ணாம்பு நீறும்போது கொதித்துத் தெறிக்கும் என்பதால், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளக்கும் இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுத்து, செம்பு நிறம் படிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். அப்படியே தெளித்தால் இலை வெந்துவிடும். கலந்த அன்றே, இலையின் இருபுறமும் படும்படி தெளித்துவிடுங்கள். தெளித்து ஒரு வாரம் வரை பழம் பறிக்காமல், பறித்த பின் நன்றாகக் கழுவிச் சமைக்க வேண்டும்.

பழுக்க வைத்தல்

சிவப்பு நிறம் நன்றாக ஏறுவது 20 முதல் 24 டிகிரியில். மலையில் அது மெதுவாகவே ஏறும், அவசரப்பட வேண்டாம். ஜூன் மழை நெருங்கிவிட்டால், நிறம் திரும்பத் தொடங்கிய செங்காய்களைக் காம்போடு பறித்து, ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் இட்டு அடுப்படியில் வையுங்கள். நான்கைந்து நாளில் பழுத்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பழுக்காது, மணமும் போய்விடும். பிறகு செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, அந்த மண்ணில் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் நடாமல் பீன்ஸோ கீரையோ போடுங்கள்.