மாரிக்கு முன் பீலி மாற்றுதல்

யாழ்ப்பாணத்து ஓட்டு வீடுகளில், கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் பீலி பழுதாகியிருப்பது பெரும்பாலும் ஐப்பசியின் பெருமழையில்தான் நம் கண்ணில் படுகிறது. அப்போது ஏணி வைத்து ஏறி எதையும் திருத்த முடியாது. சோளகக் காற்று தணிந்து, மாரி இன்னும் தொடங்காதிருக்கும் புரட்டாதியின் முதல் இரண்டு வாரங்கள்தான் இந்த வேலைக்கு உகந்தவை.

முதலில் பீலி எங்கே வேண்டும், எங்கே வேண்டியதில்லை என்று முடிவு செய்ய வேண்டும். கிணற்றுக்கோ தண்ணீர்த் தாங்கிக்கோ மழைநீர் சேர்க்கும் பக்கத்திலும், வாசலுக்கு மேலும், சுவரோடு ஒட்டி நீர் விழும் இடத்திலும் பீலி அவசியம். தாழ்வாரம் நன்றாக வெளியே நீண்டு, கீழே நிலம் வீட்டை விட்டுச் சரிந்திருக்கும் பக்கத்தில், பழைய பீலியைக் கழற்றிவிட்டு அப்படியே விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நீர் தேங்கும் பீலியில் டெங்கு நுளம்பு ஒரு வாரம் பத்து நாட்களில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஏணியில்லாமல் பார்க்க முடியாத உயரத்தில் இருப்பதால் அது நம் கவனத்துக்கும் வருவதில்லை. நுளம்பு பெருகும் இடங்களை வளவில் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டத்தை விடவும், வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடக்கூடாது என்பதே இதில் பெரிய காரணம்.

பழைய நாகத்தகரப் பீலியில் ஓரிரு துளைகள் மட்டுமே இருந்தால் அடைத்து ஓரிரு வருடம் ஓட்டலாம். அடிப்பகுதி முழுவதும் துருவேறி, விரலால் அழுத்தினால் உள்வாங்குமானால், ஒட்டுப் போடுவது காசுக்கு நட்டம். கழற்றும்போது இரண்டு பேர் வேண்டும். தடித்த கையுறை அணிந்து, ஒரு முனையிலிருந்து தொடங்கி, ஆறடி நீளத் துண்டுகளாக வெட்டி இறக்க வேண்டும். ஏணியைப் பீலியின் மேல் சாய்க்காமல் சுவரில் சாய்த்து, நான்கு அடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியைத் தள்ளி ஊன்ற வேண்டும். வீதிக் கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி பல வீடுகளில் தாழ்வாரத்துக்கு மிக அருகிலேயே வந்து சேர்வதால், அலுமினிய ஏணியை அந்தப் பக்கம் கொண்டு போகவே கூடாது. பீலி அஸ்பெஸ்டஸ் ஆக இருந்தால் அதை அறுக்கவோ துளைக்கவோ உரசவோ வேண்டாம். தண்ணீரால் நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும்.

பீலி இறங்கியதும் கைமரங்களின் முனையில் அறைந்திருக்கும் முகப்புப் பலகை வெளியே தெரியும். பலர் அவசரப்படுவது இங்கேதான். பழைய பீலி வருடக்கணக்கில் ஒழுகிய நீர் முழுவதும் பலகையின் பின்புறத்தில்தான் ஊறியிருக்கும். முன்புறம் பூச்சோடு பளபளவென்று இருந்தாலும், திருப்புளியால் அரையடிக்கு ஓரிடம் குத்திப் பார்க்க வேண்டும். இறுகிய மரத்தில் முனை இறங்காது. கால் அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும். கைமரத்தின் முனையும் உளுத்திருந்தால் தச்சரை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதுப் பலகையை அறைவதற்கு முன்பே பின்புறம், வெட்டுமுனைகள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் பூச்சுப் பூசிவிட வேண்டும், ஏனெனில் அறைந்த பின் அந்தப் பக்கங்களுக்குத் தூரிகை எட்டாது.

அடுத்தது வாட்டம், அதாவது நீர் ஓடுவதற்கான சரிவு. எங்கள் வீட்டில் ஒரு முறை ஓட்டு விளிம்புக்குச் சமமாகப் பார்த்துப் பீலியைப் பொருத்திவிட்டு, நடுப்பகுதியில் ஒரு மாரி முழுவதும் நீர் தேங்கி நின்றதைப் பார்த்து வருந்தியிருக்கிறோம். பழைய கூரையின் விளிம்பு காலப்போக்கில் நடுவில் தொய்ந்துவிடும். ஆகவே ஓட்டை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. நிறமூட்டிய தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை இரு முனைகளிலும் பிடித்து, பலகையில் சரிமட்டத்தைக் குறித்துக்கொண்டு, நீர் இறங்கும் பக்கத்தில் 3 மீற்றருக்கு 10 மில்லிமீற்றர் வீதம் கீழே அடுத்த குறியை வைக்க வேண்டும். 9 மீற்றர் நீளப் பக்கத்துக்கு இது 30 மில்லிமீற்றர் ஆகும். அதை விட நீளமான பக்கமாக இருந்தால், நடுவை உயர்த்தி இரு முனைகளிலும் குழாய் இறக்குவது மேல். முனைப் பிராக்கெட்டுகள் இரண்டையும் முதலில் பொருத்தி, இடையே நூலை இழுத்துக் கட்டி, மற்றவற்றை நூலைத் தொடுமாறு 60 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகவும், ஒவ்வொரு இணைப்புக்கும் அருகில் கூடுதலாக ஒன்றும் திருகாணியால் இறுக்க வேண்டும். ஆணி போதாது, நனைந்து காயும் மரத்தில் அது தளர்ந்துவிடும்.

ஓட்டின் விளிம்பு பீலிக்குள் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நீண்டிருக்க வேண்டும். பீலியின் பின்விளிம்பு முன்விளிம்பை விடச் சற்று உயர்ந்திருந்தால், என்றாவது நிரம்பி வழியும்போது நீர் சுவர்ப் பக்கம் போகாமல் வெளியே விழும்.

பிவிசி பீலி வெயிலில் நீளும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 4 மீற்றர்த் துண்டு ஒன்று இரவுக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் இடையே 30 பாகை மாற்றத்தில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். எல்லா இணைப்புகளையும் பசையிட்டு இறுக்கிவிட்டால் எங்காவது ஒன்று வெடிக்கும். ஆகவே இறப்பர் வளையம் உள்ள இணைப்புகளை வாங்கி, அவற்றுக்குள் குறித்திருக்கும் கோடு வரைக்கும் மட்டுமே பீலியைச் செருக வேண்டும்.

இறங்கு குழாயின் அளவைக் கடைக்காரர் சொல்வதற்கு விடாமல் நாமே கணக்கிடலாம். ஒரு சதுர மீற்றர்க் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர். 9 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் உள்ள 45 சதுர மீற்றர்ப் பக்கத்தில் மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் கொட்டினால், நிமிடத்துக்கு 75 லீற்றர் இறங்க வேண்டும். கூரையின் ஒரு சதுர மீற்றருக்குக் குழாயின் வாயில் ஒரு சதுர சென்ரிமீற்றர் என்று கொண்டால் போதும். மேற்சொன்ன பக்கத்துக்கு 90 மில்லிமீற்றர்க் குழாய் ஒன்று, அல்லது 75 மில்லிமீற்றர்க் குழாய்கள் இரண்டு. நீரைச் சேமிப்பதானால், முதல் மழையின் தூசியும் பறவை எச்சமும் கலந்த 40 லீற்றரளவு நீரைத் தனியே விலக்கும் மூடிக் குழாய் ஒன்றையும் சேர்க்க வேண்டும். நமது சுண்ணக்கல் நிலத்தில் கிணற்றில் விழுந்த அழுக்கு வடிகட்டப்படாமலே பக்கத்துக் கிணற்றுக்கும் பரவக்கூடும்.

எல்லாம் முடிந்ததும் மேல்முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து ஏறிப் பார்க்க வேண்டும். எங்காவது நீர் நின்றால் அந்த இடத்துப் பிராக்கெட்டை இரண்டு மூன்று மில்லிமீற்றர் உயர்த்திவிட்டு மறுபடியும் ஊற்றிப் பார்க்கலாம். கழற்றிய பழைய துண்டுகளை வளவின் மூலையில் போட்டுவைக்காமல் அன்றே அகற்றிவிட வேண்டும்; நுளம்பு முட்டை காய்ந்த தகரத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழை நீர் பட்டதும் பொரிக்கும்.