கேரட் பிரெட்: ஈஸ்ட் இல்லாமல், பிசையாமல்

ஈஸ்ட் சேர்க்காமல், மாவைப் பிசைந்து மணிக்கணக்கில் ஊற வைக்காமல், கலந்த உடனேயே அவன் (oven) என்னும் சூட்டடுப்பில் வைத்துச் சுட்டெடுக்கும் ரொட்டி வகையை அமெரிக்கர்கள் குயிக் பிரெட் என்று அழைக்கிறார்கள். நம் ஊர் பேக்கரிகளில் பனானா பிரெட் என்று விற்கப்படுவது இந்த இனத்தைச் சேர்ந்ததே. கேரட் பிரெட் அதற்கு உடன்பிறப்பு. கேக்கோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. ஆனால் கேக்கைவிட இனிப்பு குறைவு, மேலே கிரீம் பூச்சு கிடையாது, நீள அச்சில் சுட்டுத் துண்டு போட்டுக் காப்பியோடு சாப்பிடுவதே வழக்கம்.

இதன் இயல்பைப் புரிந்துகொள்ள இட்லி மாவை நினைத்துக்கொண்டால் போதும், ஏனெனில் இது எல்லா வகையிலும் அதற்கு நேர்மாறானது. இட்லி மாவு இரவெல்லாம் காத்திருந்து, நுண்ணுயிரிகள் மெல்ல மெல்ல உண்டாக்கும் வாயுவால் பொங்குகிறது. குயிக் பிரெட்டிலோ அந்த வேலையைச் சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் செய்கின்றன. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து மருந்தாளரான ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843இல் பேக்கிங் பவுடரை உருவாக்கினார் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. சோடா, புளிப்பும் ஈரமும் சேர்ந்து பட்ட நொடியிலேயே கரியமில வாயுவை வெளிவிடத் தொடங்குகிறது. அந்த வாயு மாவுக்குள் இருக்கும்போதே மாவு வெந்து இறுகிவிட வேண்டும். ஆகவே அவன்தான் மாவுக்காகக் காத்திருக்க வேண்டுமே தவிர, மாவு அவனுக்காகக் காத்திருக்கக் கூடாது. இந்தப் பிரெட் கெட்டுப்போவது பெரும்பாலும் அக்கறைக் குறைவால் அன்று, அக்கறை மிகுதியால்தான்: கூடுதலாகக் கலக்குவது, கூடுதலாகக் கேரட் போடுவது, வெந்துவிட்டதா என்று அடிக்கடி கதவைத் திறந்து பார்ப்பது.

எட்டரை அங்குல நீளமும் நாலரை அங்குல அகலமும் கொண்ட ஒரு பிரெட் அச்சுக்கான அளவுகளை இங்கே தருகிறேன். மைதா 200 கிராம், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பட்டைத் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, சுக்குத் தூள் அரைத் தேக்கரண்டி, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை ஆகியவை உலர்ந்த பக்கம். முட்டை இரண்டு, நாட்டுச் சர்க்கரை 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், எண்ணெய் 100 மில்லி, அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் 60 கிராம் ஆகியவை ஈரப் பக்கம். இவற்றோடு தோல் சீவித் துருவிய கேரட் 180 கிராம், உடைத்த முந்திரியோ வால்நட்டோ 50 கிராம், உலர் திராட்சை 40 கிராம். தேக்கரண்டி என்பது 5 மில்லி கொள்ளும் அளவுக் கரண்டி. வீட்டிலுள்ள காப்பி ஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் சோடாவை அவற்றால் அளக்க வேண்டாம். மாவையும் கேரட்டையும் தராசில் நிறுத்துக்கொள்வது நல்லது. மாவை ஒருவர் கப்பில் அமுக்கி அளப்பார், இன்னொருவர் தூவி அளப்பார். இரண்டுக்கும் இடையே 30 கிராம் வரை வேறுபாடு வந்துவிடும்.

கோதுமை மாவு சேர்க்க விரும்புகிறவர்கள் மைதாவில் 70 கிராம் வரை குறைத்துவிட்டு அதே அளவு கோதுமை மாவைச் சேர்க்கலாம். அது ஈரத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் தயிரை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ள வேண்டும். முழுவதும் கோதுமை மாவிலேயே செய்தால் பிரெட் கனத்துப் போகும். எண்ணெயைப் பொறுத்தவரை, வாசனையற்ற சூரியகாந்தி எண்ணெயே பொருத்தமானது. செக்குக் கடலை எண்ணெய் எவ்வளவு நல்லதானாலும் அதன் மணம் பட்டையை அமுக்கிவிடும். நல்லெண்ணெயைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெயைப் பயன்படுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு: ஆறிய பின்னும் எண்ணெய் உறையாமல் இருப்பதால், மூன்றாம் நாளிலும் பிரெட் மென்மையாகவே இருக்கும். ஏலக்காய் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். சேர்க்கலாம், ஆனால் அதன் பிறகு நாக்கு அதைக் கேரட் அல்வா என்றே எடுத்துக்கொள்ளும். பட்டையும் சுக்கும் தரும் வெதுவெதுப்பான காரம் காணாமல் போய்விடும் என்பதால் நான் சேர்ப்பதில்லை.

இனிக் கேரட். இதில்தான் கவனம் அதிகம் தேவை, ஏனெனில் கேரட்டின் எடையில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர். 180 கிராம் கேரட்டைப் போடுகிறோம் என்றால், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு டம்ளருக்கு நெருங்கிய தண்ணீரை மாவில் சேர்க்கிறோம் என்று பொருள். அந்தத் தண்ணீர் இழைக்குள்ளேயே அடங்கியிருந்து, சுடும்போது மெல்ல மெல்ல வெளிவந்தால் பிரெட் ஈரப்பதத்தோடு அமையும்; முன்கூட்டியே வெளியே வந்துவிட்டால் அடிப்பகுதி களி போல ஆகிவிடும். எனவே மிக்சியில் அடிப்பது கூடாது. அது இழைகளைச் சிதைத்துச் சாற்றைப் பிரித்துவிடும். அதேபோல, துருவிய கேரட்டில் சர்க்கரையைப் போட்டு வைக்கவும் கூடாது, சர்க்கரை பத்து நிமிடத்தில் சாற்றை வெளியே இழுத்துவிடும். துருவியின் நடுத்தரத் துளைகளில், கேரட் அல்வாவுக்குத் துருவுவதைவிடச் சற்றே நுண்ணியதாக, மாவு கலக்கப்போகும் வேளையில் துருவிக்கொள்ள வேண்டும். பெரிய துளையில் துருவினால் வெட்டும்போது இழைகள் கத்தியில் சிக்கும். பொடித் துளையில் துருவினால் கேரட் கூழாகிவிடும். துருவியதைப் பிழிய வேண்டியதில்லை.

கேரட்டின் தேர்விலும் வேறுபாடு உண்டு. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வரும் ஆரஞ்சு நிறக் கேரட் கெட்டியாகவும் இனிப்பாகவும் இருப்பதால் இதற்கு ஏற்றது. குளிர்காலத்தில் சந்தைக்கு வரும் சிவப்பு டெல்லி கேரட் அல்வாவுக்கு அருமையானது என்றாலும் சாறு மிகுந்தது. அதைப் பயன்படுத்தினால் தயிரில் ஒரு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ள வேண்டும். நாள்பட்டு வதங்கி, நடுத்தண்டு கட்டையாகிப்போன கேரட் எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும் உதவாது.

வேலையைத் தொடங்குமுன் அவனை 175 டிகிரி செல்சியஸில் சூடேற்றத் தொடங்குங்கள். வீட்டில் பலரும் வைத்திருக்கும் ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின் அவனில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் இயக்கி, 15 நிமிடமாவது காய விட வேண்டும். அதன் வெப்பத் திருகில் எழுதியுள்ள எண்ணும் உள்ளே இருக்கும் வெப்பமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. உள்ளே தொங்கவிடும் சிறிய அவன் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிவிட்டால் பல தோல்விகளுக்கான காரணம் அன்றே தெரிந்துவிடும். அச்சின் உட்புறம் எண்ணெய் தடவி, அடியிலும் நீண்ட பக்கங்களிலும் பட்டர் பேப்பரை இரு புறமும் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு விரியுங்கள். பிறகு பிரெட்டைத் தூக்கி எடுக்க அதுவே கைப்பிடியாகும்.

உலர்ந்த பொருள்கள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள். இதை வெறும் சடங்காக எண்ணிவிட வேண்டாம். சோடா ஓரிடத்தில் கட்டியாக நின்றுவிட்டால் அந்த இடத்தில் கசப்பு தட்டும். அதோடு சோடாவின் காரத்தன்மையால் கேரட் இழைகள் சில வேளைகளில் பச்சையாகவும் மாறிவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. தின்பதால் தீங்கில்லை, ஆனால் விருந்தினருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். பேக்கிங் பவுடர் பழையதாக இருந்தால், ஒரு தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்துப் பொங்காவிட்டால் புதியது வாங்குவதே நல்லது. கடற்கரை ஊர்களின் காற்று ஈரத்தில் அது விரைவில் வீரியம் இழந்துவிடும்.

வேறொரு பாத்திரத்தில் முட்டை, இரு சர்க்கரைகள், எண்ணெய், தயிர் ஆகியவற்றை ஊற்றி, கம்பிக் கலக்கியால் சர்க்கரை பெரும்பாலும் கரைந்து, எண்ணெய் பிரிந்து நிற்காத அளவுக்கு ஒன்றிரண்டு நிமிடம் அடியுங்கள். நன்றாக அடிப்பதற்கு இந்த இடம் மட்டுமே. இதில் கேரட்டைச் சேர்த்து ஒரு முறை கிளறியதும், சலித்த மாவை ஒரே தடவையில் கொட்டி, கம்பிக் கலக்கியை வைத்துவிட்டு ஒரு தட்டைக் கரண்டியை எடுத்து, அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டி மடியுங்கள். பரோட்டாவுக்கு மாவை அடித்தும் இழுத்தும் பிசைவது அதிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் வலுப்பட்டு மாவு ரப்பர் போல நீள வேண்டும் என்பதற்காக. இங்கே அந்த வலு வந்துவிட்டால் பிரெட் சவ்வு போலாகி, உள்ளே சுரங்கம் போன்ற நீளத் துளைகள் விழும். ஏறத்தாழ பதினைந்து மடிப்புகள் ஆனதும் முந்திரியையும் திராட்சையையும் போட்டு இன்னும் நான்கைந்து மடிப்பு கொடுங்கள். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போன அந்தக் கணமே கையை நிறுத்திவிட வேண்டும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், அவை சுடும்போது கரைந்துவிடும்.

மாவு கொட்டும் பதத்தில் இருக்காது; கரண்டியிலிருந்து திரளாக விழும். அதை உடனே அச்சில் போட்டு மேற்புறத்தைச் சமப்படுத்தி, அவனின் கீழ்த் தட்டில் வையுங்கள். 50 முதல் 60 நிமிடம் ஆகும். முதல் 35 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம், அதற்குள் திறந்தால் இன்னும் இறுகாத நடுப்பகுதி அமுங்கிவிடும். அதன் பிறகு மேற்புறம் கருகும் போலத் தோன்றினால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். நடுவில் நீளவாக்கில் வெடிப்பு விழுவது குறையன்று; ஓரங்கள் முதலில் இறுகிய பின் நடுப்பகுதி எழுவதால் வருவது அது. வெந்ததா என்று பார்க்க, மெல்லிய குச்சியை அந்த வெடிப்பின் வழியே ஆழமாகக் குத்துங்கள். ஈரமாவு ஒட்டாமல் ஓரிரு துகள்கள் மட்டும் ஒட்டியிருந்தால் எடுத்துவிடலாம். திராட்சையில் குத்திவிட்டு வேகவில்லை என்று ஏமாறுவதும் உண்டு என்பதால் இரண்டு இடங்களில் பாருங்கள். உணவுத் தெர்மாமீட்டர் உள்ளவர்களுக்கு நடுப்பகுதி 96 டிகிரியைத் தொட்டிருப்பது உறுதியான அடையாளம்.

கேரட் விளையும் உதகையிலேயே சுடுகிறவர்களுக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் வாயு கூடுதலாக விரியும். பிரெட் வேகமாக எழுந்து, இறுகுமுன் அமுங்கும். அங்கே சோடாவையும் பேக்கிங் பவுடரையும் கால் பங்கு குறைக்க வேண்டும். தண்ணீரே 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடுவதால் 96 டிகிரிக் கணக்கும் அங்கே செல்லாது, குச்சியைத்தான் நம்ப வேண்டும்.

அவன் இல்லாதவர்கள் அடி கனமான பழைய அலுமினியப் பாத்திரத்தில் ஓர் அங்குலம் உப்போ மணலோ பரப்பி, ஒரு தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் காய்ச்சி, வட்ட அச்சில் மாவை ஊற்றிச் சிறு தீயில் சுடலாம். மேற்புறம் சிவக்காது, சுவையில் பெரிய குறை இருக்காது. நீள அச்சு இதற்கு ஒத்துவராது.

முட்டை சேர்க்காதவர்கள், ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து முட்டைக்குப் பதிலாகச் சேர்த்து, தயிரை 150 கிராமாகவும் சோடாவை முக்கால் தேக்கரண்டியாகவும் கூட்டிக்கொள்ளலாம். துண்டுகள் சற்று எளிதில் உதிரும், வேகவும் ஐந்து நிமிடம் கூடுதலாகும்.

வெளியே எடுத்ததும் 10 நிமிடம் அச்சிலேயே விட்டு, பிறகு தாளைப் பிடித்துத் தூக்கிக் கம்பித் தட்டில் வைத்துவிடுங்கள். அச்சிலேயே விட்டால் நீராவி அடியில் தங்கி நசநசத்துவிடும். சூட்டில் வெட்டினால் துண்டு நொறுங்கும், உள்ளே வேகாதது போலவும் தோன்றும். உண்மையில் இது மறுநாள்தான் நன்றாக இருக்கும், ஏனெனில் ஈரம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவவும் பட்டையின் மணம் ஊறி நிற்கவும் அந்த ஓர் இரவு தேவைப்படுகிறது. ஈரம் மிகுந்த பிரெட் என்பதால் நம் வெப்பத்தில் இரண்டு நாளுக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் ஐந்து நாள் இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த துண்டை, தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு இரு புறமும் லேசாகச் சிவக்க வாட்டிச் சாப்பிடுங்கள்.