பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரிடம் வாக்குமூலம் பெறும் முறை

வாக்குமூலம் பெறும் அதிகாரி முதலில் பார்க்க வேண்டியது, பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைத்துவிட்டதா என்பதைத்தான். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ளும், அவசரக் கருத்தடை மாத்திரையை 5 நாட்களுக்குள்ளும் கொடுக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும் என்பதால், புகார் எழுதி முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அணிந்திருந்த உடைகளைத் துவைக்காமல் காகித உறைகளில் தனித்தனியே வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி, மரபணுத் தடயம் கெட்டுவிடும். அவர் ஏற்கெனவே குளித்திருந்தாலும் பரிசோதனை பயன் தரலாம். அதற்காக அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். கன்னித்தன்மைப் பரிசோதனையை மட்டும் ஒருபோதும் கோரக் கூடாது. அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018இல் கூட்டாக அறிவித்துள்ளன.

பிறர் வந்துபோகாத தனி அறையில், அவர் நம்பும் ஒருவரை உடன் இருக்க அனுமதித்து, "உங்களால் முடிந்த இடத்திலிருந்து சொல்லுங்கள்" என்று தொடங்கி, இடைமறிக்காமல் கேட்க வேண்டும். பேரச்சத்தில் பதியும் நினைவில் ஒரு வாசனையோ குரலோ துல்லியமாக நிற்க, நேரமும் வரிசையும் குழம்பிப்போவது உண்டு. அந்தக் குழப்பத்தையோ, புகார் தர எடுத்துக்கொண்ட காலத்தையோ பொய்க்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

அதிகம் காயப்படுத்துவது "ஏன்" என்று தொடங்கும் கேள்விதான். "ஏன் கத்தவில்லை?" என்பது விடையைத் தேடுவதைவிடப் பழியைச் சுமத்தவே உதவுகிறது. அச்சத்தில் உடல் அசைவற்று உறைந்துபோவது அறியப்பட்ட எதிர்வினை. மௌனத்தையோ எதிர்க்காததையோ கொண்டு சம்மதத்தை ஊகிக்க முடியாது என்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் நடைமுறை, சான்று விதிகளில் 70ஆம் விதி கூறுகிறது. "அப்போது உங்களுக்குள் என்ன நேர்ந்தது?" என்று கேட்டால் வழக்குக்குத் தேவையான விவரமும் கிடைக்கும், அவரும் கூனிக் குறுக வேண்டியிராது. முந்தைய உறவுகளைப் பற்றிய கேள்விக்கு இங்கே இடமில்லை.

அவர் சொன்ன சொற்களையே எழுத வேண்டும். அதிகாரி தம் நடையில் செப்பனிட்ட வாக்குமூலம் குறுக்கு விசாரணையில் எளிதில் தகரும். உள்ளபடி எழுதுவது, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை கிடைக்கத் துணைசெய்யும் என்பதையும் மறக்கக் கூடாது. பின்னர் மற்றோர் அதிகாரி முதலிலிருந்து கேட்க நேராதபடி, பாதிக்கப்பட்டவர் ஒப்புக்கொண்டால் ஒலி, ஒளிப்பதிவும் செய்யலாம்.

எழுதியதைப் படித்துக்காட்டித் திருத்தங்களை ஏற்ற பின், வழக்கின் நிலையை இனி யாரிடம் கேட்பது என்பதை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வெளிவந்தால், தெருவில் அவரைப் பார்த்துத்தான் பாதிக்கப்பட்டவர் அதை அறிந்தார் என்ற நிலை வரக் கூடாது.