ஒரு பாகம் பழுதானாலும் நிற்காத சர்வர்: வன்பொருளைத் திட்டமிடுவது எப்படி?

எந்தப் பாகத்தை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், உங்கள் சேவை ஆண்டுக்கு எவ்வளவு நேரம் நின்றால் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதை முடிவு செய்யுங்கள். சேவை 99.9 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம், 99.99 என்றால் சுமார் 53 நிமிடம் மட்டுமே. அந்த 53 நிமிடத்தில் ஆள் வந்து பாகத்தை மாற்றுவதை நம்பியிருக்க முடியாது.

பிறகு, மின்சாரம் நுழையும் இடம் முதல் தரவு பதியும் டிஸ்க் வரை முழுப் பாதையையும் தாளில் வரைந்து, ஒவ்வொன்றும் போனால் கூடவே எவையெல்லாம் நிற்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு இரண்டாக வாங்கிவிட்டு, அந்த இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகி வைப்பதுதான் பரவலாகக் காணப்படும் பிழை.

மின்சாரக் கணக்கில் மிகுந்த கவனம் தேவை. 1000 வாட் இழுக்கும் சர்வரில் 800 வாட் பவர் சப்ளை இரண்டு இருந்தால், ஆளுக்கு 500 வாட் சுமந்து இயல்பாகவே ஓடும். ஒன்று பழுதானதும் மற்றொன்றின் மேல் 1000 வாட்டும் விழுந்து அதுவும் அணைந்துவிடும். ஆகவே முழுச் சுமையையும் தனியாகத் தாங்கும் பவர் சப்ளைகளையே தேர்ந்தெடுத்து, தனித்தனி யுபிஎஸ், தனித்தனி பிரேக்கர் வழியாக இணையுங்கள். பிரேக்கரை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் வைப்பது நல்ல வழக்கம் என்பதால், 16 ஆம்பியர் வழியின் எல்லை 12.8 ஆம்பியர்; ஒரு வழி போனால் மற்றது இரண்டின் சுமையையும் ஏற்க வேண்டும் என்பதால், ஒவ்வொன்றிலும் அன்றாடச் சுமை அதில் பாதியான 6.4 ஆம்பியரைத் தாண்டக் கூடாது.

சர்வர்கள் குறைந்தது மூன்று வேண்டும். இரண்டே இருந்து இடையிலுள்ள இணைப்பு அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே எண்ணி ஒரே தரவில் எழுதத் தொடங்கும் அபாயம் உண்டு. மூன்று இருந்தால், தொடர்பில் உள்ள இரண்டு பெரும்பான்மையாகி, அவை மட்டுமே எழுதும். ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் அதன் வேலையை ஏற்க வேண்டும் என்பதால், எதையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். இதேபோல் பழுதிலும் நிற்காதிருக்க, 1970களில் டாண்டம் நிறுவனம் உருவாக்கிய நான்ஸ்டாப் கணினிகளில் ஒவ்வொரு செயலிக்கும் சொந்த நினைவகம் இருந்தது. செயலிகளை இணைத்த பாதைகளும் இரண்டு. அந்த அமைப்பின் தெளிவு இன்றும் வியக்க வைக்கிறது.

நினைவகம், தரவில் நேரும் சிறு பிழைகளைத் தானே கண்டு திருத்தும் இசிசி வகையாக இருக்கட்டும். பழுதான பெரிய டிஸ்கின் தரவைப் புதியதில் மீளக் கட்டப் பல மணி நேரம் பிடிக்கும், அதற்குள் இன்னொன்றும் போகலாம். எனவே இரண்டு டிஸ்குகள் போனாலும் தரவைக் காக்கும் ரெய்டு 6 அமைப்பு பாதுகாப்பானது. டிஸ்குகளை வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளிலிருந்து வாங்கி, ஓரிரண்டை உதிரியாகக் கையில் வையுங்கள்.

சேவையைத் திறப்பதற்கு முன், முழுச் சுமையில் ஓடும்போதே ஒரு பவர் கேபிள், ஒரு டிஸ்க், ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, மீள எடுத்த நேரத்தையும், எச்சரிக்கைச் செய்தி பொறுப்பாளரின் கைபேசிக்கு வந்ததா என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.