ஆன்லைனில் வாங்கிய போன் கெட்டுப்போனால் என்ன செய்வது?

கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் போன், டிவி, வாஷிங் மெஷின் என்று நுகர்வோர் மனுக்கள் நிறைய அடித்துக் கொடுத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் கோபம் மூட்டை மூட்டையாக இருக்கும், காகிதம் இருக்காது. “கஸ்டமர் கேர்ல பேசினேன் சார், நாலு நாள்ல மாத்தித் தர்றோம்னு சொன்னாங்க” என்பார்கள். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று கேட்டால் பதில் வராது. இந்த வழக்குகளை விசாரிக்கும் நுகர்வோர் கமிஷனில் எழுத்தில் இருப்பதுதான் செல்லும். அதை எப்படிச் சேர்ப்பது என்று சொல்கிறேன்.

முதலில் பில். ஆப்பில்தானே இருக்கிறது என்று விடாதீர்கள். வாங்கிய அன்றே பிடிஎஃப்பாக இறக்கி, உங்கள் மெயிலுக்கே ஒன்று அனுப்பி வையுங்கள். அதில் விற்பனையாளர் பெயர் என்று ஒன்று பொடி எழுத்தில் இருக்கும். நீங்கள் பெரிய ஆப்பில் வாங்கியதாக நினைப்பீர்கள், பில் போட்டது வேறு மாநிலத்தில் இருக்கும் ஏதோ ஒரு டிரேடர்ஸ். அந்தப் பெயரும் முகவரியும் பின்னால் வேண்டும். பில்லில் சரியாக இல்லையென்றால், வாங்கியவர் எழுதிக் கேட்டால் விற்பனையாளரின் விவரத்தை ஆப் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். 2020 மின்வணிக விதிகளிலேயே அது இருக்கிறது. இன்னொன்று: கடைப் பெயரில் ஜிஎஸ்டி பில் வாங்கினால், ‘இது வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கு என்றால் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

அடுத்தது சர்வீஸ் சென்டர். பெரும்பாலான வழக்குகள் அங்கேதான் பலவீனமாகின்றன. டிஸ்ப்ளேயில் பச்சைக் கோடு விழுந்திருக்கும், போன் கீழே விழுந்திருக்காது, தண்ணீர் பட்டிருக்காது. கவுன்டரில் இருப்பவர் சிம் டிரேயை உருவி, டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு, “வாட்டர் டேமேஜ், வாரன்டி கிடையாது” என்பார். பல போன்களில் அந்தச் சந்துக்குள் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஈரம் பட்டால் சிவந்துவிடும். ஆகவே போனைக் கொடுப்பதற்கு முன்பே, கவுன்டரில் வைத்தே, அந்த ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) காட்டும் திரை எல்லாவற்றையும் கூட வந்தவர் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம் ஜாப் ஷீட், அதாவது போனை வாங்கிக்கொள்ளும்போது சர்வீஸ் சென்டரில் போடும் சீட்டு. அவசரத்தில் எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் காகிதம் அது. ‘கண்டிஷன்’ என்ற கட்டத்தில் ‘ஸ்க்ராட்ச், டென்ட்’ என்று டெம்ப்ளேட்டாக அடித்து வைத்திருப்பார்கள். உங்கள் போனில் கீறல் இல்லையென்றால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கையெழுத்துக்கு மேலே, ‘கீறல், நெளிவு எதுவும் இல்லை. இந்தக் குறிப்பை ஏற்கவில்லை’ என்று கையாலேயே எழுதி, தேதி போட்டு, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரன்டி மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பை நாளை அவர்களே ‘நாங்கள் மறுக்கவே இல்லை’ என்பார்கள்.

இந்தக் கட்டத்தில் போனை வெளியே ரிப்பேர் கடையில் திறக்கக் கொடுத்தால் கதை முடிந்தது. பழுது எதனால் என்று பார்க்கக் கமிஷனே பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். ஸ்க்ரூ திருகிய போனை அனுப்பி என்ன பிரயோஜனம்?

சாட்டில் பேசினால் மூடும் முன் முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதி தெரியட்டும், வெட்டாதீர்கள். போனில் பேசினால் வைத்த கையோடு ஒரு மெயில் போடுங்கள்: ‘இன்று காலை 11 மணிக்கு உங்கள் பிரதிநிதியிடம் பேசினேன். புகார் எண் இது. மாற்றித் தருவதாகச் சொன்னார்.’ மூன்று வரி போதும். அதை ஆப்பில் போட்டிருக்கும் குறைதீர் அலுவலரின் முகவரிக்கே அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. ரிவ்யூவில் ஒரு ஸ்டார் போட்டு ஊழியர் பெயரைச் சொல்லித் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மனது ஆறும், வழக்குக்கு உதவாது.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, நிறுவனத்துக்குத் தள்ளிவிடுவார்கள். இருந்தாலும் அங்கே கிடைக்கும் பதிவு எண் மனுவில் நன்றாக உட்காரும்.

பிறகு நோட்டீஸ். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, 15 நாள் கெடு வைத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததாக டிராக்கிங்கில் காட்டும் பக்கத்தை அச்செடுத்து ரசீதோடு வையுங்கள்.

இனி மனு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி பெங்களூரில் இருந்தால் நீங்கள் பெங்களூர் போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் கமிஷன். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நேரிலும் கொடுக்கலாம், 2025 ஜனவரி முதல் வந்திருக்கும் இ-ஜாக்ரிதி தளத்திலும் ஏற்றலாம். முன்பு இருந்த இ-தாக்கிலுக்குப் பதிலாக வந்தது அது. வக்கீல் கட்டாயமில்லை.

எதிர்த்தரப்பில் விற்பனையாளர், ஆப் நிறுவனம், தயாரிப்பாளர் மூவரையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கை காட்டுவார். கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். 17,000 ரூபாய் போனுக்கு 20 லட்சம் மன உளைச்சல் என்று அடிக்கச் சொல்வார்கள். அடித்துத் தருவேன், ஆனால் அந்த மனுவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போன் விலை, வட்டி, நியாயமான இழப்பீடு, செலவு. இவ்வளவு போதும்.

நோட்டீஸ் போன கொஞ்ச நாளில், அதுவரை எடுக்காத கம்பெனிக்காரர்களே உங்களைக் கூப்பிடுவார்கள். சமாதானமாகப் போகலாம், தப்பில்லை. மாற்றுப் போன் என்றால் சீல் பிரிக்காத புதியதா, சரிசெய்த பழையதா என்று மெயிலில் கேட்டு வாங்குங்கள். “முதலில் கேஸை வாபஸ் வாங்குங்க, பணம் வந்துடும்” என்றால் சம்மதிக்காதீர்கள். கணக்கில் பணம் ஏறட்டும், வாபஸ் மனுவை அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.