எக்கோ இல்லாமல் ஒரு சங்கீதம்

மார்த்தாண்டம் பக்கத்தில் இருபத்தைந்து வருடமாக மைக் செட் நடத்துகிறேன். கல்யாண வீடானாலும் கன்வென்ஷன் கூட்டமானாலும் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும், அதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அதனால், சர்க்கரையில் பார்வை போன என் பெரியம்மைக்கு முதன்முதலாக வேதாகமத்தின் 23ஆம் சங்கீதத்தை வாசித்துப் பதிந்து கொடுத்தபோது பழக்க தோஷத்தில் எக்கோவையும் திருகிவிட்டேன். பெரியம்மை கட்டிலில் படுத்தபடியே கேட்டாள். "ஏன் மக்ளே, எனக்கு வாசிக்கியா, ஊருக்கு வாசிக்கியா?" என்றாள். ஆறு வசனமும் நாற்பது வினாடியில் முடிந்திருந்தது. இப்போது அதே சங்கீதம் எனக்கு ஒரு நிமிடம் பத்து வினாடி ஆகிறது. 150 சங்கீதங்களையும் வாசித்து முடித்தாயிற்று. வேதத்தை வாசித்துப் பதிந்து இலவசமாகக் கொடுக்கும் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் எந்த மொழிபெயர்ப்பு என்று முடிவு செய்யுங்கள். கையில் கிடைத்த வேதாகமத்தை எடுத்து வாசித்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட முடியாது. 1995இல் வந்த திருவிவிலியம் போன்ற புதிய மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு; வெளியிட்டவர்களிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். இந்தியச் சட்டப்படி எழுதியவர் காலமாகி 60 ஆண்டு கழிந்தால் உரிமை பொதுவாகிவிடும். ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையில் 1871இல் முடிந்த பழைய மொழிபெயர்ப்பு அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. சபைகளில் காலங்காலமாகக் கேட்டுப் பழகியதும் அந்த நடைதான், நான் எடுத்ததும் அதுதான். ஆனால் இன்றைய அச்சுப் பிரதிகளில் இடையிடையே சேர்த்திருக்கும் தலைப்புகளும் அடிக்குறிப்புகளும் வேறு ஆட்களுடையவை. அவற்றை விட்டுவிடுங்கள். வசன எண்ணையும் வாசிக்க வேண்டாம். கண்ணை மூடிக் கேட்பவருக்கு எண் எதற்கு?

வாசிப்புக்கு முந்தைய நாளே அதிகாரத்தைப் பெரிய எழுத்தில் தனித்தாளில் அச்செடுத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். ஒரு கோடு என்றால் அரை மூச்சு, இரண்டு கோடு என்றால் முழு மூச்சு. பழைய மொழிபெயர்ப்பில் "மேய்ப்பராயிருக்கிறார்" மாதிரி சேர்த்தெழுதிய சொற்கள் அதிகம். மூச்சை அந்தச் சொல்லுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், நடுவில் உடைந்தால் அசிங்கம். "அமர்ந்த தண்ணீர்கள்" என்ற இடத்தை ஓட்டமாக வாசித்தால் தண்ணீர் எங்கே அமரும்?

எழுத்துக்கு வருவோம். எனக்கு ழகரம் ஒழுங்காக வரும். ர, ற இரண்டும்தான் தகராறு. 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்திலேயே "எனக்கு இரங்கும்" என்று வருகிறது. இரக்கம் காட்டும் என்று பொருள். நான் முதல் பதிவில் "இறங்கும்" என்று வாசித்து வைத்திருந்தேன், பஸ்ஸிலிருந்து இறங்கச் சொல்கிற மாதிரி. பெரியம்மை சிரித்த சிரிப்பில் அதை அன்றைக்கே அழித்தேன். அதற்கப்புறம் பதிவதற்கு முன் இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்க்காமல் போனைத் தொடுவதில்லை.

136ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற வரி 26 வசனத்திலும் வரும். ஒன்றைப் பதிந்து 26 இடத்தில் ஒட்டிவிடலாம் என்று எனக்குள் இருக்கும் மைக் செட்காரன் சொன்னான். ஒட்டியும் பார்த்தேன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு போல இருந்தது. 26 முறையும் வாயால் சொல்லுங்கள், குரல் கொஞ்சம் கொஞ்சம் மாறுவதுதான் அழகு. 119ஆம் சங்கீதம் 176 வசனம். அது எட்டெட்டு வசனமாக 22 பகுதியாகவே பிரிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். சங்கீதங்களின் இடையே, பொருள் உறுதியாகத் தெரியாத "சேலா" என்ற எபிரேயச் சொல் வரும் இடங்களில் அந்தச் சொல்லை வாசிக்காமல் நீண்ட மௌனம் விட்டேன். சபைப் பெரியவர் ஒருவர் அது தப்பு என்கிறார். எனக்கு இன்னும் மௌனம்தான் சரியாகப் படுகிறது.

பதிய ஸ்டூடியோ வேண்டாம். மெத்தையும் துணி நிறைந்த பீரோவும் உள்ள படுக்கையறை போதும். பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்கார்ந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைத் துணி விழுங்கிவிடும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் மடித்த துண்டின் மேல் வையுங்கள்; அப்போதுதான் மூச்சுக்காற்று மைக்கில் புஸ்ஸென்று அடிக்காது. பிளைட் மோடில் போட மறக்காதீர்கள். எங்கள் ஊரில் அதிகாலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பைக் சத்தம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கும், அதுதான் என் நேரம். பேன், பிரிட்ஜ் இரண்டும் நிறுத்தம். பிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து ஒரு தடவை நெத்திலி முழுக்க நாறிப்போனதால், இப்போது வண்டிச் சாவியை அதன் மேல் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். ஷீட் கூரை வீடு என்றால் மழை நாளில் முயலவே வேண்டாம்.

தொடக்கத்தில் பத்து வினாடி சும்மா இருந்து அறையின் வெறும் ஒலியைப் பதியுங்கள். தவறினால் நிறுத்தாமல் ஒரு கைதட்டல் போட்டுவிட்டு அந்த வசனத்தை முதலிலிருந்து வாசியுங்கள். கணினியில் கைதட்டல் ஈட்டி போல் நிமிர்ந்து தெரியும், வெட்டுவது சுலபம்.

வெட்டுவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அந்தப் பத்து வினாடியைக் காட்டி "இதுதான் இரைச்சல்" என்று சொல்லிக் கொடுத்தால் மற்ற இடங்களிலும் அதைக் குறைத்துவிடும். கொஞ்சமாகக் குறையுங்கள், அதிகமானால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். உச்ச ஒலி மைனஸ் 3 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3யாகச் சேமித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்பிதான் வரும், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சிரமமில்லை.

பின்னணி இசை வேண்டாம். கீபோர்டு வாசித்துக் கொடுக்க எனக்கு ஆள் இருந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்தவர் இசை என்றால் யூடியூபில் உரிமை கோரிக்கை வரும், அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: இசை வந்ததும் கேட்பவர் இசையைக் கேட்கத் தொடங்கிவிடுவார்.

வீடியோவுக்குக் கறுப்புத் திரையில் மங்கலான வெள்ளையில் வசனம், அவ்வளவே. இரவில் தூக்கம் வராதவர்கள் போடுவது அது, கண்ணில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. எழுத்து ஓடவோ மின்னவோ வேண்டாம். திரைக்கு நாலு வரி. நோட்டோ போன்ற யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்தால் வேறு கணினியில் திறந்தாலும் எழுத்து கலையாது.

யூடியூபோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் காசு கேட்காவிட்டாலும் அவர்கள் விளம்பரம் போட முடியும். காசு கட்டாதவருக்குப் போன் திரையை அணைத்தால் வாசிப்பும் நின்றுவிடும். அதனால் ஒலிக் கோப்புகளை இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவசத் தளத்திலும் ஏற்றிவிடுங்கள், அங்கே யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஏற்றும்போது உரிமையைப் பற்றி எழுத வேண்டும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டு உங்களிடமே கிடக்கும். பிரதி எடுக்க நினைக்கிறவர் தயங்குவார். கிரியேட்டிவ் காமன்ஸ் ஜீரோ என்று குறித்துவிட்டால் யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். சேனல் பெயர், சப்ஸ்க்ரைப் பேச்சு எதுவும் பதிவுக்குள் வேண்டாம். "சங்கீதம் 23" என்று சொல்லிவிட்டு வாசியுங்கள்.

கடைசியாக, இன்டர்நெட் இல்லாதவர்களுக்கு மெமரி கார்டு. பெரியம்மையிடம் இருப்பது கார்டு போடும் சின்ன ரேடியோ. அவள் பட்டனை எண்ணி எண்ணித்தான் சங்கீதத்தைத் தேடுவாள். கோப்புகளுக்கு 001, 002 என்று பெயர் வைத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நகலெடுத்தேன். ரேடியோ தாறுமாறாகப் பாடியது. இந்த மாதிரி மலிவான ரேடியோக்களில் பல, பெயரைப் பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் பாடும். கார்டை பார்மட் செய்துவிட்டு ஒவ்வொன்றாக, வரிசையாக நகலெடுங்கள். 119ஐ மட்டும் 22 துண்டாகப் போடாமல் ஒரே கோப்பாக ஒட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் 121ஐத் தேடுகிறவருக்கு எண்ணிக்கை 21 தள்ளிப் போய்விடும். நான் அதற்கும் திட்டு வாங்கினேன்.