ஸ்டோக் தெருக்களைப் படமெடுக்கிறவர்கள் செய்கிற தவறுகள்

போன சனிக்கிழமை, இங்கிலாந்தின் மட்பாண்ட நகரமான ஸ்டோக்-ஆன்-ட்ரென்டின் லாங்டன் பகுதியில் கேமராவோடு நாலைந்து இளைஞர்களைப் பார்த்தேன். எல்லாருடைய லென்ஸும் கிளாட்ஸ்டோன் மட்பாண்ட அருங்காட்சியகத்தின் சூளைகளைப் பார்த்தே இருந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்த தெருவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருபது வருடம் முன்பு நானும் அப்படித்தான் நின்றேன். ஃபோகஸ், பேட்டரி போன்ற சங்கதிகளை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் இரண்டு நாளில் தானாக வந்துவிடும்.

சூளையை மட்டும் எடுப்பது

ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டில் சூளைகள், அதாவது பாட்டில் வடிவ மட்பாண்டச் சூளைகள், புகைந்தன. இன்று ஐம்பதுகூட இல்லை. மிஞ்சியவற்றுக்குப் பெரும்பாலும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, படங்களும் ஏராளம். எதிர்வரிசையில் இருக்கும் சலவைக் கடைக்கும், ஓட்ஸ் மாவில் தோசை மாதிரிச் சுடும் ஓட்கேக் விற்கும் கடைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஹான்லியில் ஒரு வீட்டு ஜன்னல் வழியாகவே ஓட்கேக் விற்ற கடை ஒன்று இருந்தது. 2012-ல் மூடிவிட்டார்கள்.

தெருப் பெயரைக் குறித்துவைக்காதது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். 2006-ல் ஒரு மூலைக்கடையை எடுத்தேன். ஜன்னலுக்குக் கீழே பச்சைப் பளிங்கு ஓடு, பக்கச் சுவரில் பாதி அழிந்த விளம்பரம், பின்னால் சரிவில் இறங்கும் வரிசை வீடுகள். நல்ல படம். சில வருடம் கழித்து உள்ளூர்க் கண்காட்சி ஒன்றில் வைத்தபோது, எண்பது வயதிருக்கும் ஒரு அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "இது எங்க அத்தை கடை மாதிரி இருக்கே, டக். எந்தத் தெரு?" என்று கேட்டார். ('டக்' என்பது இந்த ஊரில் அன்பாகக் கூப்பிடும் சொல்.) என்னிடம் பதில் இல்லை. ஃபோல்டரில் 'ஸ்டோக் 3' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

அதற்கப்புறம் மூன்று வார இறுதிகள் தேடி அலைந்தேன். கிடைக்கவில்லை. 2002 முதல் 2011 வரை நடந்த வீட்டுச் சந்தைப் புதுப்பிப்புத் திட்டத்தில் இங்கே பல வரிசை வீடுகளை இடித்தார்கள். அந்தத் தெருவும் அதில் போயிருக்கலாம்.

இந்த ஊரில் வெறும் தெருப் பெயரும் போதாது. டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஆறு ஊர்கள் 1910-ல்தான் ஒன்றாயின. ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே தனித்தனி மையமும் தெருக்களும் இருந்ததால் ஒரே பெயர் பல இடங்களில் வந்தது. குழப்பம் தீரப் பல தெருக்களுக்குப் பின்னர் பெயர் மாற்றினார்கள். ஆகவே பழைய வரைபடத்தில் ஒரு பெயர், இன்றைய பலகையில் வேறு பெயர் இருக்கும். எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதாத குறிப்பு பாதிக் குறிப்புதான்.

இப்போது தெருவுக்குள் நுழைந்ததும் என் முதல் படம் பெயர்ப்பலகைதான். அடுத்து ஒரு கதவு எண். பிறகு தெருமுனை தெரிகிற மாதிரி ஒன்று. அன்று இரவே ஊர், தெரு, எண், எந்தத் திசை பார்த்து நின்றேன் என்பதையெல்லாம் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுவேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும், கவனம். கேமரா கடிகாரத்தையும் பாருங்கள். இங்கே மார்ச் கடைசியில் மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசியில் பின்னே இழுப்பார்கள். பல கேமராக்களில் அதை நாமேதான் மாற்ற வேண்டும்.

கட்டடம் பின்னால் சாய்வது

கேமராவை அண்ணாந்து பிடிக்காதீர்கள். மட்டமாகப் பிடித்து, கீழே வரும் சாலையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

வெயிலுக்குக் காத்திருப்பது

மேகமூட்டம் போதும். மழை விட்ட அரை மணியில் செங்கல்லின் நிறம் வெயிலில் வருவதைவிட ஆழமாக வரும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் ஒரு தெருதான்.

காரும் குப்பைத்தொட்டியும் மறையும்வரை நிற்பது

வேண்டாம். அவையும் தெருதான்.

ஒரு வார்த்தை பேசாமல் எடுப்பது

பொதுச் சாலையில் நின்று கட்டடத்தைப் படமெடுக்க இங்கே சட்டத்தில் தடையில்லை. ஆனால் இந்த வீடுகளின் கதவு நேராக நடைபாதையில் திறக்கிறது, ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். வணக்கம் சொல்லி, என்ன எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பலர் வெளியே வந்து, பக்கத்து வீட்டில் முன்பு என்ன கடை இருந்தது, யார் நடத்தினார்கள் என்று அவர்களாகவே சொல்வார்கள். அதையும் அன்று இரவே எழுதிவிடுங்கள்.